வெற்றாக விடப்பட்ட ஒரு கட்டம்

— வணிகவியல் துறை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி

"படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய்?"

மூன்றாம் ஆண்டு மாணவியை நோக்கி வீட்டிலும் வீதியிலும் பேருந்திலும் ஓயாமல் எழும் கேள்வி இது. சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பறையிலும் எழுந்தது. பேராசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டு வந்தார். வங்கி என்றனர் பலர். அரசுத் தேர்வு என்றனர் சிலர். ஆசிரியப் பணி என்றனர் என் வரிசைத் தோழியர் இருவர். என் முறை வந்தது. "இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் அதிகாரி ஆக வேண்டும். முடிந்தால் பின்னர் ஒழுங்குமுறை ஆணையத்தில் சேர வேண்டும்" என்றேன்.

வகுப்பில் சிரிப்பொலி. "பாலிசி பிடிக்கப் போகிறாயா? முதல் பாலிசி நான் போடுகிறேன்" என்றார் பின்வரிசை நண்பர் ஒருவர். நானும் சிரித்துவிட்டு அமர்ந்தேன். ஆனால் அன்று சொல்லாமல் விட்ட பதில் ஒன்று என் நெஞ்சில் தங்கிவிட்டது. அதை இம்மலரின் பக்கங்களில் சொல்ல விழைகிறேன்.

பொதுக் குடமும் அதன் காவலும்

காப்பீடு என்பது புதிய கருத்தன்று. நம் வீடுகளில் திருமணத்திற்கு மொய் எழுதுகிறோம். ஒரு வீட்டுச் செலவை ஊரே சிறிது சிறிதாகப் பங்கிட்டுக்கொள்கிறது. நாளை நம் வீட்டில் விசேஷம் என்றால் அந்த ஊரே நமக்கு வந்து நிற்கும் என்ற நம்பிக்கையே அதன் அடித்தளம். காப்பீடும் அப்படித்தான். ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிய குடத்திலிருந்து, துன்பம் வந்த ஒரு வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துத் தரப்படுகிறது.

மொய்க்கு நோட்டுப் புத்தகம் உண்டு; அதைப் பார்த்துக்கொள்ள ஊர்க் கண்களும் உண்டு. காப்பீட்டுக் குடமோ கண்காணாத ஊரில் இருக்கிறது. அதில் ஊற்றியவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. அப்படியானால் அந்தக் குடத்தில் ஓட்டை விழாமல் பார்ப்பவர் யார்? உரியவருக்கு மறுக்காமலும், உரிமையற்றவருக்கு அள்ளி விடாமலும் காப்பவர் யார்? வெளியே நின்று காப்பது ஒழுங்குமுறை ஆணையம். நிறுவனத்துக்கு உள்ளேயே அமர்ந்து காப்பது விதி இணக்கப் பிரிவு. இதையே அலுவலகங்களில் கம்ப்ளையன்ஸ் என்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். என் தந்தையார் தறி ஓட்டியவர். 2019 செப்டம்பரில் 3 லட்ச ரூபாய்க்கு ஓர் ஆயுள் பாலிசி எடுத்தார். முகவர் எங்கள் தெருக்காரர், உறவுமுறையும் உண்டு. திண்ணையில் அமர்ந்து அவர் படிவத்தை நிரப்பியபோது நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. உடல்நலம் பற்றிய பகுதி வந்தபோது, "எனக்குச் சர்க்கரைக்கு மாத்திரை ஓடுது, அதையும் எழுதிக்க தம்பி" என்றார் அப்பா.

"அதெல்லாம் எழுதுனா இழுத்தடிப்பாங்கண்ணா. சர்க்கரை யாருக்குத்தான் இல்ல? நீங்க இங்க கையெழுத்தைப் போடுங்க" என்றார் முகவர்.

அப்பா தமிழில் அழகாகக் கையெழுத்திட்டார். தபாலில் வந்த பாலிசிக்கு அம்மா மஞ்சள் வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார். பாலிசி பிடிக்கவில்லையென்றால் 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்ற விதி அப்போது இருந்தது. 2024 முதல் அது 30 நாட்கள். எந்த விதியும் எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

2021 நவம்பரில் அப்பா மாரடைப்பால் இறந்தார். மூன்று ஆண்டுத் தவணைகள் தவறாமல் கட்டியிருந்தார். 2022 மார்ச்சில் நிறுவனத்திலிருந்து ஆங்கிலக் கடிதம் வந்தது. பதினோராம் வகுப்பில் இருந்த நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். நீரிழிவு நோயை மறைத்துப் பாலிசி எடுத்ததால் தொகை தர இயலாது என்பது அதன் சாரம். அம்மா அழவில்லை. "உங்கப்பாவைப் பொய்யர்னு எழுதியிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த இடம் விளங்கும். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி பாலிசி எடுத்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் என்றால், மோசடியோ உண்மை மறைப்போ இருந்ததாக எழுத்தில் காரணம் கூறி மறுக்கலாம். அப்பா இறந்தது இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் ஆனபோது.

கடிதத்துடன் அம்மாவும் நானும் கிளை அலுவலகத்துக்குப் போனோம். முதல் மேசையிலிருந்து மூன்றாம் மேசைக்கும், அங்கிருந்து மறுபடி முதல் மேசைக்கும் அனுப்பப்பட்டோம். கடைசியில் ஒரு பெண் அதிகாரி எழுந்து வந்தார். "உட்காருங்கக்கா. முதல்ல படிவத்தோட நகலைக் கேட்டு வாங்குங்க. அது உங்க உரிமை. எங்க குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல சரியான பதில் வரலேன்னா சென்னையில இருக்கிற ஆம்பட்ஸ்மனுக்கு எழுதுங்க. பணமும் கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள்ள எழுதணும், அதை மறந்துடாதீங்க" என்றார்.

அவர் எங்களுக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. விதியைச் சொன்னார், அவ்வளவே. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில், விதி என்ற சொல்லுக்கு என் மனத்தில் இருந்த பொருளே மாறிவிட்டது.

படிவத்தின் நகல் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. விண்ணப்பதாரர் ஆங்கிலம் அறியாதவராகவோ தாய்மொழியில் கையெழுத்திடுபவராகவோ இருந்தால், கேள்விகளை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொன்னதாகப் படிவத்தை நிரப்பியவர் உறுதி அளிக்க வேண்டிய கட்டம் அது. அதில் ஓர் எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வெற்றாக இருந்தது.

அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டித்தான் அம்மா முறையிட்டார். பக்கத்து வீட்டு அண்ணனின் கைப்பேசி வழியாக விசாரணை நடந்தது. 2022 அக்டோபரில் ஆணை வந்தது. கேள்விகள் விளக்கப்பட்டன என்பதற்குச் சான்று இல்லாதபோது, இறந்தவர் அறிந்தே மறைத்தார் என்று கொள்வதற்கில்லை. தொகையைத் தர வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. பணம் வந்தது.

பணம் வந்த அதே வாரத்தில் அப்பாவுக்கு முன்பணம் கொடுத்தவரும் வாசலுக்கு வந்து நின்றார். பாதிக்கு மேல் அவரோடு போயிற்று. பிற்பாடு கல்லூரிக்கு வந்த பிறகுதான் நூலகத்தில் ஒன்றைப் படித்தேன். 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தில் 6ஆம் பிரிவு இருக்கிறது. மனைவி மக்களின் நன்மைக்கென்று குறிப்பிட்டுக் கணவன் எடுக்கும் ஆயுள் பாலிசியின் தொகை அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகும். கடன்காரர் அதைத் தொட இயலாது. முதலில் இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு எட்டாதிருந்த இந்தப் பாதுகாப்பு, சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கும், பிற பல இடங்களில் 1923 ஏப்ரல் 1க்குப் பின் எடுத்தவற்றுக்கும் பொருந்தும் என்று அப்பிரிவே சொல்கிறது. நூறாண்டுக்கும் மேலாக நமக்கென்று இருக்கும் உரிமை! பாலிசி எடுக்கும்போது ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டிருந்தால் போதும். அந்தத் திண்ணையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

குற்றவாளி யார்?

இக்கதையைக் கேட்டவர்கள் உடனே முகவரைத் திட்டுகிறார்கள். நானும் நெடுநாள் திட்டியவள்தான். ஆனால் இன்று என் கருத்து வேறு. அவருக்கு மாத இலக்கு இருந்தது. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். என் தந்தையாரிடமும் சிறு தவறு இருந்தது என்பதை மகளாகிய நானே ஒப்புக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர், அதை எழுதாமல் விட்டபோது வாளாவிருந்துவிட்டார்.

எங்களுக்கு வந்த பணம் யாருடையது? நிறுவன முதலாளியின் பையிலிருந்தா வந்தது? இல்லை; பொதுக் குடத்திலிருந்து வந்தது. நோயை ஒளிக்காமல் எழுதி, அதற்காகக் கூடுதல் தவணை கட்டிய யாரோ ஒரு தறித் தொழிலாளியின் பங்கும் அதில் கலந்திருக்கும். ஆகவே எங்களுக்குக் கிடைத்த தீர்ப்பை நீதி என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது காலம் தாழ்ந்த நீதி. படிவம் வந்து சேர்ந்த அன்றே, "இந்தக் கட்டம் ஏன் வெற்றாக இருக்கிறது? திருப்பி அனுப்பு" என்று ஒருவர் சொல்லியிருந்தால், அப்பாவின் நோய் பதிவாகியிருக்கும். கூடுதல் தவணை கேட்டிருப்பார்கள், அப்பா கட்டியிருப்பார். இல்லையென்றால் வேறு வழி தேடியிருப்பார். அம்மா அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்திராது.

அந்த ஒருவர் அமர வேண்டிய நாற்காலியே நான் விரும்பும் நாற்காலி.

கதவும் காவலும்

நம் நாட்டுக் காப்பீட்டின் வரலாறே இந்தக் காவலின் அவசியத்தைச் சொல்கிறது. 1818இல் கல்கத்தாவில் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. அக்காலத்து நிறுவனங்கள் இந்திய உயிர்களுக்குத் தனிக் கூடுதல் தவணை வாங்கின. 1870இல் பம்பாய் மியூச்சுவல் நிறுவனமே இந்தியர்க்கும் இயல்பான விகிதத்தில் காப்பீடு அளித்தது. பின்னர் 1912இலும் 1938இலும் சட்டங்கள் வந்தன. 1956இல் 245 நிறுவனங்களும் சங்கங்களும் நாட்டுடைமையாகி ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. 1973இல் பொதுக் காப்பீடும் நாட்டுடைமையாயிற்று. நான்கு நிறுவனங்களில் ஒன்றான யுனைடெட் இந்தியா நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது.

1994இல் மல்கோத்ரா குழுவின் அறிக்கை வந்தது. 1999இல் சட்டம் இயற்றி, 2000இல் ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் தனியாருக்கும் கதவு திறந்தது. கதவைத் திறந்தவர்கள் காவலையும் நிறுத்தினார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. கடப்பாடுகள் போக நிறுவனத்திடம் மிஞ்சும் சொத்து, விதித்த வரம்பைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். விளம்பரத்தில் பொய் கூடாது. முகவர் தேர்வு எழுதித் தகுதி பெற்றிருக்க வேண்டும். முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. இவற்றையெல்லாம் நாள்தோறும் பார்த்து, நிறுவனம் பிறழும்போது உள்ளிருந்தே குரல் கொடுப்பவர் விதி இணக்க அதிகாரி. நிறுவனத்தின் முக்கிய நிர்வாகிகளுள் ஒருவராக அவரை ஆணையம் வைத்திருக்கிறது. அவர் வெறும் எழுத்தர் அல்லர். தன் நிறுவனத்திடமே "கூடாது" என்று சொல்லச் சம்பளம் வாங்குபவர்.

பெண்ணும் படிவமும்

"பெண்களுக்கு இயல்பாகவே நேர்மை அதிகம், இரக்கம் அதிகம், ஆகவே இப்பணி அவர்களுக்கு ஏற்றது" என்று அண்மையில் பேச்சு மேடை ஒன்றில் கேட்டேன். கைதட்டலும் எழுந்தது. நான் கை தட்டவில்லை. நேர்மை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இரக்கமோ இந்த நாற்காலியில் சில சமயம் இடையூறு. நாளை ஒரு விதவையின் உரிமைக் கோரிக்கை, ஆய்ந்து பார்த்து உண்மையிலேயே மோசடி என்று தெரிந்தால், "இல்லை" என்று எழுதும் கையும் என் கையாகவே இருக்கும். அந்த "இல்லை"க்கு அஞ்சுபவர் இப்பணிக்கு வரலாகாது.

பின் பெண்கள் ஏன் வர வேண்டும் என்கிறேன்? படிவங்களின் தவறான பக்கத்தில் நாம் நெடுங்காலம் நின்றிருக்கிறோம். 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், மகப்பேறு விடுப்பில் இருந்தபோது தகுதிகாண் காலத்திலேயே நீக்கப்பட்டார். பணியில் சேரும்போது நிரப்பிய உறுதிமொழிப் படிவத்தில் தம் மாதவிலக்கு நாளைத் தவறாகக் குறித்தார் என்பது காரணம்! மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்றெல்லாம் அப்படிவம் கேட்டது. இக்கேள்விகள் நாணத்தையும் தன்மானத்தையும் புண்படுத்துபவை என்று கண்ட நீதிமன்றம், அவரை மீண்டும் வேலையில் அமர்த்த ஆணையிட்டது. அந்தக் கேள்விகளை நீக்குமாறும் கூறியது.

தோழியரே, சிந்தித்துப் பாருங்கள். அப்படிவத்தை வகுத்த அறையில் பேசும் உரிமையுள்ள பெண் ஒருத்தி இருந்திருந்தால், அக்கேள்விகள் அச்சேறியிருக்குமா? கேட்க வேண்டிய கேள்வி எது, கேட்கக் கூடாத கேள்வி எது என்று தீர்மானிக்கும் மேசையில் நம் இருக்கை வேண்டும். இரக்கத்துக்காக அல்ல, அனுபவத்துக்காக.

அந்த இருக்கை எட்டாக் கனியும் அன்று. ஆங்கில இலக்கியம் படித்து, 1983இல் நியூ இந்தியா நிறுவனத்தில் நேரடி அதிகாரியாகச் சேர்ந்த ஆலிஸ் வைத்யன், 2016இல் பொதுக் காப்பீட்டுக் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். உஷா சாங்வான் 2013இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முதல் பெண் நிர்வாக இயக்குநரானார். டி. எல். அலமேலுவும் எஸ். என். இராஜேஸ்வரியும் ஒழுங்குமுறை ஆணையத்திலேயே உறுப்பினர் பதவி வகித்தவர்கள். ஆனால் 2000 முதல் இன்றுவரை ஆணையத்தின் தலைவர் நாற்காலியில் ஒரு பெண்ணும் அமரவில்லை. அந்த நாற்காலியும் ஒரு வெற்றுக் கட்டமே.

வழி என்ன?

"நம் கல்லூரியில் படித்து இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்போருக்குச் சில செய்திகள். ஆணையம் 2024இல் உதவி மேலாளர் பணிக்கு 49 இடங்களை அறிவித்தது. ஆக்சுவரி, சட்டம், நிதி முதலிய பிரிவுகளுக்குத் தனித் தகுதி கேட்டாலும், பொதுப் பிரிவுக்கு 60 விழுக்காட்டுடன் ஏதேனும் ஒரு பட்டம் போதுமென்றது. வணிகவியலும் வரலாறும் தமிழும் படித்தவர் அதற்கு எழுதலாம். மும்பையில் 1955 முதல் இயங்கும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா மூன்று படிநிலைகளில் தேர்வு நடத்துகிறது. வேலையில் இருந்துகொண்டும் எழுதலாம். கம்பெனிச் செயலர் படிப்பு, சட்டப் படிப்பு ஆகியவற்றின் வழியாகவும் விதி இணக்கப் பிரிவுக்குள் நுழையலாம். கணிதத் துறைத் தோழியர் ஆக்சுவரி தேர்வை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இடையூறுகள் இல்லாமல் இல்லை. தேர்வுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. ஆணையத்தின் தலைமையகம் ஐதராபாத்தில். "தனியாகப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா?" என்று என் மாமா இப்போதே அம்மாவிடம் கேட்டாயிற்று. அம்மா சொன்ன விடை: "கிளை ஆபீசுக்கு நான் தனியாத்தாண்ணா போனேன்."

ஒரு வேண்டுகோள்

கருத்தைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாணவர்க்கு அழகன்று. ஆகவே பேராசிரியப் பெருமக்கள் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: காப்பீட்டுப் பாடத்தை நடத்தும்போது உண்மையான படிவத்தையும் பாலிசியையும் வகுப்புக்குக் கொண்டுவந்து, வரி வரியாகப் படிக்க வைக்க வேண்டுகிறேன். சூத்திரங்களை நாங்கள் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் எங்கள் வீட்டுப் பாலிசியைப் படிக்கத் தெரியவில்லை.

இரண்டு: நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் மாதம் ஒரு சனிக்கிழமை, சுற்றியுள்ள ஊர்களில் "படிவம் படிக்கும் நாள்" ஒன்றை நடத்தலாம். பாலிசியைக் கொண்டுவருபவருக்குத் தமிழில் படித்துச் சொல்வோம். நியமனதாரர் பெயர் சரியா, நோய் பற்றிய விடைகள் உண்மையா, தவணை நாள் எது என்று பார்த்துச் சொல்வோம். மருத்துவக் காப்பீட்டின் சாரத்தைச் சொல்லும் தகவல் தாளை, வாடிக்கையாளர் விரும்பினால் அவர் மொழியிலேயே தர வேண்டும் என்று 2024 முதல் விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கச் சொல்லித் தருவோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அன்று வகுப்பில் சிரித்த நண்பரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னபடியே முதல் பாலிசி போடட்டும். ஆனால் என்னிடம் அல்ல. முறையான ஒரு முகவரிடம் போடட்டும். படிவத்தின் கடைசிப் பக்கம்வரை தாமே படித்து, ஒரு கட்டத்தையும் வெற்றாக விடாமல் கையெழுத்திடட்டும். அவர் விட்டுவிட்டால், அதைத் திருப்பி அனுப்பும் மேசையில் நான் இருப்பேன் என்ற நம்பிக்கையோடு இறுதித் தேர்வுக்குப் படிக்கிறேன்.